உலர்ந்த கரையின் பசுமைக்காடு

வெப்பமண்டல ஆசியாவின் காடுகளைப் பற்றிய பாடநூல்கள் பெரும்பாலும் மழையளவை வைத்தே காடுகளை வகுக்கின்றன. ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்து, வறண்ட மாதங்கள் சிலவே இருக்கும் இடங்களில் ஆண்டு முழுவதும் இலை தாங்கி நிற்கும் பசுமைமாறாக் காடு வளரும் என்றும், மழை குறைந்து கோடை நீளும் இடங்களில் இலையை உதிர்த்துவிட்டு அடுத்த மழைக்குக் காத்திருக்கும் இலையுதிர் காடு வளரும் என்றும், மழை இன்னும் குறைந்தால் முட்புதர்க் காடே மிஞ்சும் என்றும் அவை கூறுகின்றன. மலேசியத் தீபகற்பம், போர்னியோ, இலங்கையின் தென்மேற்குப் பகுதி, மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவு ஆகிய இடங்களுக்கு இந்த வகுப்பு பெரிதும் பொருந்துகிறது. ஆண்டுக்குச் சராசரியாக 1400 மில்லிமீட்டர் அளவே மழை பெறுவதும், தை பிறந்தது முதல் வைகாசி வரை பெரும்பாலும் வறண்டே கிடப்பதுமான சென்னைக்கு இதே கணக்கைப் போட்டால், அதன் இயற்கைக் காடு இலையுதிர் காடாகவோ முட்புதராகவோதான் இருந்திருக்க வேண்டும்.

ஆனால் ஆந்திரத்தின் தென்கடலோரத்திலிருந்து இராமநாதபுரம் வரை நீளும் சோழமண்டலக் கரையில், சித்திரை வெயிலிலும் கரும்பச்சை இலை மாறாமல் நிற்கும் குட்டையான அடர்காடு ஒன்று இருக்கிறது. அதன் மரங்கள் பெரும்பாலும் பத்து மீட்டரைத் தாண்டி வளர்வதில்லை. அடிமரம் பல கிளைத்தண்டுகளாகப் பிரிந்திருக்கும். கொடிகள் பின்னிக் கிடப்பதால் உள்ளே நுழைவதும் எளிதன்று. வனவியலாளர்கள் இதற்கு வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று பெயரிட்டனர். மயிலாப்பூர், அடையாறு, மாம்பலம், தியாகராய நகர் ஆகிய பகுதிகள் எல்லாம் இந்தக் காட்டின் இயற்கை எல்லைக்குள் அடங்கியவை. சென்னையின் சொந்தக் காடு எது என்ற கேள்விக்குரிய விடை இதுவே. அந்த விடையை ஆராய்ச்சி எப்படிக் கண்டடைந்தது என்பதையும், அதனால் நகரத்துக்கு என்ன பயன் என்பதையும் இந்த அத்தியாயம் விளக்குகிறது.

மழை பெய்யும் காலம்

இந்தக் காட்டின் புதிரை அவிழ்க்க, ஆண்டுக்கு எவ்வளவு மழை என்று கேட்பது மட்டும் போதாது. அந்த மழை எப்போது பெய்கிறது என்றும் கேட்க வேண்டும். இந்தியாவின் பெரும்பகுதிக்கு மழை ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவத்தில் கிடைக்கிறது. சென்னைக் கடலோரத்துக்கோ அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் ஆண்டு மழையின் பெரும்பங்கு கிடைக்கிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வானம் மூடியிருக்கும், வெப்பம் தணிந்திருக்கும், நீர் ஆவியாவதும் குறைந்திருக்கும். ஆகவே புயல்களோடு கொட்டும் மழையில் மண்ணுக்குள் இறங்கும் நீர், அடுத்து வரும் வறண்ட மாதங்களில் ஆழமான வேர்களுக்குச் சேமிப்பாக உதவுகிறது.

ஆண்டு மழையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலை நேர இடிமழையாகச் சிதறிப் பெய்கிறது. சில ஆண்டுகளில் கோடையிலும் ஓரிரு மழை உண்டு. ஒரு குறிப்பிட்ட பருவத்துக்காக மட்டுமே இலை விடும் மரத்தால் இந்தச் சிதறிய மழையை முழுவதும் பயன்படுத்த முடியாது. எப்போதும் இலையோடு நிற்கும் மரமோ, ஆடியில் ஒரு நாள் மண் நனைந்தாலும் உடனே உணவு தயாரிக்கத் தொடங்கிவிடும். அதற்காக அது தரும் விலை பெரியது. ஆண்டு முழுவதும் தாங்கக்கூடிய இலை தடிப்பானதாகவும், மேற்புறத்தில் மெழுகுப் பூச்சு உடையதாகவும், நண்பகலில் காற்றுத் துளைகளை மூடிக்கொண்டு நீரிழப்பைத் தடுக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். அத்தகைய இலையை உருவாக்க மிகுந்த சத்து செலவாகும் என்பதால் மரம் அதை விரைவில் உதிர்ப்பதில்லை. செலவான சத்தை மீட்கும்வரை நெடுநாள் வைத்துக்கொள்கிறது. இந்தக் காட்டு மரங்கள் மெதுவாக வளர்வதற்கும் அவற்றின் கட்டை உறுதியாக இருப்பதற்கும் இந்தச் சிக்கனமும் ஒரு காரணம்.

இக்காட்டில் மிகுதியாகக் காணப்படும் காயா என்னும் காசான் மரத்தின் கிளை ஒன்றை அருகில் வைத்துப் பார்த்தால் இவை அனைத்தும் கண்ணுக்குத் தெரியும். இலைகள் எதிரெதிரே இணைந்து, தோல் போன்ற தடிப்போடு, மேலே பளபளப்பாக இருக்கும். நடுநரம்பு தெளிவாகத் தெரிந்தாலும் பக்க நரம்புகள் சதைக்குள் புதைந்து கிடக்கும். விரலால் மடித்தால் இலை துவளாமல் முறியும். கோடை ஏறும் காலத்தில் இலைக்கக்கங்களிலும் பழைய கிளைகளின் கணுக்களிலும் அடர்நீலச் சிறுபூக்கள் கொத்துக் கொத்தாக வெடிக்கும். பின்னர் அவை காய்த்து, கருமையாகப் பழுத்துப் பறவைகளுக்கு இரையாகும். மண் மிகவும் உலர்ந்திருக்கும் மாதங்களில் பூத்துக் காய்ப்பது முதலில் வியப்பாகத் தோன்றலாம். ஆனால் பழம் பழுத்து விழும்போது மழைக்காலம் நெருங்கியிருந்தால் முளைக்கும் நாற்றுக்கு ஈரம் உறுதி.

வகுத்தவர்களும் வரைந்தவர்களும்

சென்னை மாகாணத்தின் தாவரங்களை அறிவியல் முறையில் பதிவுசெய்யும் வேலை 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. வில்லியம் ராக்ஸ்பர்க் சோழமண்டலக் கரையின் தாவரங்களைப் பற்றிய வண்ணப்படத் தொகுதிகளை 1795 முதல் வெளியிட்டார். அவருக்குப்பின் ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்களின் துணையோடு ராபர்ட் வைட் தென்னிந்தியத் தாவரங்களை ஆயிரக்கணக்கான படங்களில் பதிந்தார். 1856இல் ஹியூ கிளெக்ஹார்ன் சென்னை மாகாணத்தின் வனக் காப்பாளராகப் பொறுப்பேற்றபோது வனத்துறையின் கவனம் தேக்கு போன்ற விலைமதிப்புள்ள மலைக்காட்டு மரங்களின் மேலேயே இருந்தது. கடலோரத்தின் குட்டைக்காடு வெறும் விறகுக்காடாகவே கருதப்பட்டது. வளர்ந்துவந்த நகரத்தின் அடுப்புகளுக்கும் ரயில் எஞ்சின்களுக்கும் விறகு தேவைப்பட, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலோர மணல்வெளிகளில் சவுக்குத் தோப்புகள் பரவின. இயற்கைக் காடு இருந்த இடங்களில் பெரும்பகுதி வயலாகவும் தோப்பாகவும் மாறியது.

1936இல் ஹாரி சாம்பியன் இந்தியக் காடுகளை வகைப்படுத்தியபோது, மழையளவு விதிக்கு அடங்காத இந்தக் காட்டுக்குத் தனி இடம் ஒதுக்கினார். சாம்பியனும் எஸ். கே. சேத்தும் சேர்ந்து 1968இல் வெளியிட்ட திருத்திய பதிப்பில் இந்தியக் காடுகள் 16 பெருந்தொகுதிகளாக வகுக்கப்பட்டன. அவற்றுள் ஏழாவது தொகுதி உலர் பசுமைமாறாக் காடு. வனத்துறை ஆவணங்கள் இன்றும் இந்த வகைப்பாட்டையே பின்பற்றுகின்றன.

1955இல் புதுச்சேரியில் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இந்த ஆய்வை அடுத்த நிலைக்குக் கொண்டுசென்றது. ஹென்றி கோசன், பியேர் லெக்ரி, வி. எம். மெஹர்-ஹோம்ஜி முதலியோர் தீபகற்ப இந்தியாவின் தாவர வரைபடங்களைப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவில் வரைந்தனர். அவ்வரிசையின் கன்னியாகுமரித் தாள் 1961இல் வெளிவந்தது. ஓரிடத்தில் இன்று நிற்கும் செடிகொடிகளை மட்டும் அவர்கள் பதியவில்லை. மனிதர்கள் வெட்டாமலும் மேய்க்காமலும் விட்டால் அந்த இடம் நாளடைவில் எந்தக் காடாக மாறும் என்பதையும் மழை, வெப்பம், மண் ஆகியவற்றின் தரவுகளைக் கொண்டு கணித்தார்கள். முட்புதராகத் தெரியும் பல இடங்கள் உண்மையில் சிதைந்த பசுமைக்காடுகளே என்றும், பாலை, புரசு ஆகிய மரங்கள் முதன்மையாக நிற்கும் காடே இந்தக் கரையின் முதிர்ந்த வடிவம் என்றும் கொள்ளும் கருத்து இப்படி உருவானது. வெட்டுவதும் தழைப்பதும் பல நூற்றாண்டுகளாக மாறிமாறி நடந்துவரும் கரையில் ஒரே முதிர்ந்த வடிவம் என்று ஒன்று உண்டா என்ற விவாதமும் அதோடு பிறந்தது. வெறும் தோற்றத்தை வைத்து இதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மரங்களை எண்ணி, சில ஆண்டுகள் கழித்து அதே மரங்களை மீண்டும் எண்ணியே தீர வேண்டும்.

ஒரு மரம் அளக்கப்படும் விதம்

காட்டை அளப்பதற்கு இன்று உலகெங்கும் கையாளப்படும் முறை நிரந்தர அளவைத்திடல் எனப்படுகிறது. காட்டுக்குள் ஒரு குறிப்பிட்ட பரப்பைக் கயிறும் கருவியும் கொண்டு சதுரங்களாகப் பிரித்து, அதற்குள் நிற்கும் ஒவ்வொரு மரத்துக்கும் எண் பொறித்த அலுமினியத் தகடு கட்டி, தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவை நாடாவால் அளக்கிறார்கள். மார்புயர அளவு எனப்படும் இந்த உயரத்தில் வண்ணக்கோடு தீட்டிவைத்தால்தான் சில ஆண்டுகள் கழித்து வருபவர் அதே இடத்தில் நாடாவைச் சுற்ற முடியும். விரலளவு மேலே கீழே போனாலும், மெதுவாக வளரும் மரத்தின் பல ஆண்டு வளர்ச்சி அளவுப் பிழைக்குள் மறைந்துவிடும். உலர் பசுமைக்காட்டில் ஒரே வேரிலிருந்து பல தண்டுகள் எழுவதால் ஒவ்வொரு தண்டையும் தனித்தனியே அளந்து ஒரே மரத்தின் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது.

பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் ஸ்டீபன் ஹப்பலும் ராபின் ஃபாஸ்டரும் 1980களின் தொடக்கத்தில் அமைத்த 50 ஹெக்டேர் திடல் இம்முறைக்கு முன்மாதிரியானது. அதைப் பின்பற்றி மலேசியாவின் பாசோவிலும், முதுமலையிலும், தாய்லாந்தின் ஹுவாய் கா கேங்கிலும், இலங்கையின் சிங்கராஜாவிலும் திடல்கள் எழுந்தன. முதுமலைத் திடலை 1988-89இல் இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமாரும் அவருடைய குழுவினரும் அமைத்தனர். பாசோவின் 50 ஹெக்டேரில் 800க்கும் மேற்பட்ட மர இனங்கள் இருக்க, அதே பரப்புள்ள முதுமலைத் திடலில் சுமார் 70 இனங்களே இருந்தன. எண்ணிக்கையில் எளியதாகத் தோன்றிய இந்த வறண்ட காட்டைத் தொடர்ந்து அளந்தபோதுதான், தீயும் யானையும் அதன் இளமரங்களின் விதியை எவ்வளவு தூரம் தீர்மானிக்கின்றன என்பது தெரியவந்தது. யானைகள் பட்டை உரித்தும் கிளை முறித்தும் உண்ணும் கைடியா காலிசினா போன்ற இனங்கள் சில ஆண்டுகளிலேயே வெகுவாகக் குறைந்ததை ஆண்டுதோறும் எடுத்த கணக்கு காட்டியது. ஒருமுறை மட்டும் வந்து பட்டியல் எடுத்துச் செல்பவரின் கண்ணுக்கு இந்த மாற்றம் தென்பட்டிருக்காது.

சோழமண்டலக் கரையில் 50 ஹெக்டேர் தொடர்ச்சியான காடு கிடைப்பதே அரிது. ஆகவே புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் என். பார்த்தசாரதியும் அவருடைய மாணவர்களும் 1990களின் தொடக்கத்திலிருந்து ஊர்களை ஒட்டிய சிறு காட்டுத்துண்டுகளில் ஒரு ஹெக்டேர் அளவிலான திடல்களை வகுத்து மரங்களை எண்ணினார்கள். 1992இல் அளந்த மரங்களை 2002இல் மீண்டும் அளந்து, எவை இறந்தன, எவை புதிதாக எழுந்தன என்று கணக்கிட்டார்கள். கொடிகளை மட்டும் தனியே எண்ணிய ஆய்வுகளும், எந்த மாதத்தில் எந்த இனம் பூக்கிறது, காய்க்கிறது, அதன் விதையைக் காற்று பரப்புகிறதா, உயிரினம் பரப்புகிறதா என்று பதிந்த ஆய்வுகளும் தொடர்ந்தன. காயாவும் வீரை என்னும் மரமும் பல துண்டுகளில் மிகுந்து நிற்பதும், பெரும்பாலான இனங்களின் விதைகள் பறவைகளையும் வௌவால்களையும் பிற விலங்குகளையும் நம்பியே பரவுவதும் இவ்வாறு எண்களோடு நிறுவப்பட்டன. இந்த இரண்டாவது செய்தி மிகவும் முக்கியமானது. பழம் தின்னும் உயிர்கள் ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்குப் போக முடியாமல் போனால், நின்றுகொண்டிருக்கும் மரங்கள் பசுமையாகவே தெரியும். ஆனால் அடுத்த தலைமுறை முளைக்க வழியிருக்காது.

ஐயனாரின் காவலில்

இந்த ஆய்வுகள் நடந்த துண்டுகளுள் பல, கிராமத் தெய்வங்களின் பெயரால் காக்கப்பட்ட கோயில்காடுகள். புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடையே உள்ள புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சூழ்ந்த காடு அவற்றுள் புகழ்பெற்றது. ஐயனார் காட்டில் கத்தி வைக்கக் கூடாது, சுள்ளியைக்கூட வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது என்ற ஊர்க்கட்டுப்பாடு, வனச்சட்டம் எட்டிப்பார்க்காத இடங்களில் தலைமுறை தலைமுறையாக மரங்களைக் காத்தது. சுற்றிலும் வயலும் சவுக்குத்தோப்பும் முந்திரிக்காடும் சூழ்ந்துவிட்ட நிலையில், இந்தக் கரையின் பழைய காடு எப்படி இருந்தது என்பதை அளந்து அறிய ஆய்வாளர்களுக்குக் கிடைத்த சான்று இவைதாம். சென்னை எல்டாம்ஸ் சாலையில் இயங்கும் சி. பி. ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையம் தமிழகத்தின் கோயில்காடுகளைப் பட்டியலிட்டு, சிதைந்த சிலவற்றை ஊராரோடு சேர்ந்து மீட்டும் வந்திருக்கிறது.

இந்தக் காவல் தளர்ந்துவருவதையும் அதே ஆய்வுகள் பதிந்துள்ளன. திறந்தவெளியில் மரத்தடியில் இருந்த தெய்வத்துக்குப் பெரிய கோயில் கட்டும்போதும், வரும் கூட்டத்துக்காகச் சாலையும் வண்டி நிறுத்துமிடமும் அமைக்கும்போதும், மேய்ச்சலும் விறகுவெட்டும் பெருகும்போதும் காடு ஓரங்களிலிருந்து தேய்கிறது. பக்தி குறையாமலேயே காடு குறையும் நிலை இது. ஆகவே கோயில்காடுகளுக்கு வழிபாட்டு மரியாதையோடு எல்லை அளவும், மரக்கணக்கும், மறுநடவும் சேர வேண்டியிருக்கிறது.

வேறொரு வகைக் காவலும் இந்தக் காட்டுக்கு எதிர்பாராமல் கிடைத்தது. ராக்கெட் ஏவுதளமாகிப் பொதுமக்கள் நடமாட்டம் தடுக்கப்பட்ட ஸ்ரீஹரிகோட்டாத் தீவில் உலர் பசுமைக்காட்டின் பெரும்பரப்பு ஒன்று தப்பியிருக்கிறது. தெற்கே கோடியக்கரைச் சரணாலயத்தில் எஞ்சிய காடு 2018 நவம்பரில் கஜா புயலின் நேரடித் தாக்குதலுக்கு உள்ளானது. பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கையின் வன்னியிலும் வில்பத்துவிலும் இதே பாலையும் வீரையும் முதன்மையாக நிற்கும் காடு இன்றும் பரந்து கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியிருக்கும் இவ்விரு கரைகளையும் ஒரே காட்டின் இரு கிளைகளாகக் கொண்டு ஒப்பிட்டு ஆராய்வதற்கு வாய்ப்பு நிறையவே உண்டு.

கிண்டியும் தியாகராய நகரும்

தியாகராய நகர் உருவான கதையே ஒரு நிலப்பரப்பின் மாற்றக் கதை. மாம்பலத்தின் கிழக்கே நீண்டு கிடந்த பெரிய ஏரி 1920களில் வற்றவைக்கப்பட்டு, அந்த நிலத்தில் பனகல் பூங்காவை நடுவாக வைத்துத் தெருக்கள் போடப்பட்டன. ஏறத்தாழ அதே காலத்தில், 1929இல், எழும்பூர் அருங்காட்சியகம் பி. வி. மாயூரநாதன் தொகுத்த சென்னை நகரப் பூக்கும் தாவரங்களின் பட்டியலை வெளியிட்டது. நகரம் விரியத் தொடங்கிய காலத்தில் அதன் மண்ணில் எவையெல்லாம் வளர்ந்தன என்பதற்கு அது ஒரு அடிப்படை ஆவணம். 1938இல் ஒரு பின்னிணைப்பும் 1990களில் ஒரு திருத்திய பதிப்பும் வந்ததால், ஒரே நகரத்தின் தாவரங்களைத் தலைமுறை விட்டுத் தலைமுறை ஒப்பிட முடிகிறது.

தியாகராய நகரிலிருந்து தெற்கே சில கிலோமீட்டரில் உள்ள கிண்டிக் காடு அந்தப் பழைய நிலப்பரப்பின் எச்சம். ஆளுநர் மாளிகையின் தோட்டக்காடாக இருந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 500 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்ட இது, தொழில்நுட்பக் கழகத்துக்கும் நினைவிடங்களுக்கும் மற்ற நிறுவனங்களுக்கும் நிலம் கொடுத்துக் கொடுத்துச் சுருங்கியது. எஞ்சிய ஏறத்தாழ 270 ஹெக்டேர் 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. திறந்த புல்வெளியை விரும்பும் வெளிமானும், மர நிழலையும் உதிர்ந்த இலைகளையும் பயன்படுத்தும் புள்ளிமானும் இங்கு அருகருகே வாழ்கின்றன. டி. ஆர். சங்கர் ராமன், ராமன் சுகுமார் முதலியோர் இவ்விரு மான்களையும் பற்றி 1996இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு சிறிய காட்டைப் பேணுவதில் உள்ள சிக்கலைத் தெளிவாக்குகிறது. புதர் அடர்ந்து காடு முதிர்வது பசுமைக்காட்டுக்கு நல்லது. வெளிமானுக்கோ அது இருப்பிட இழப்பு. பெருங்காட்டில் இந்த இரண்டுக்கும் இடம் உண்டு. 270 ஹெக்டேரில் எதை எங்கே வளரவிடுவது என்பதைக் கணக்கெடுப்பின் அடிப்படையில் மனிதர்களே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

தெருவுக்கு எந்த மரம்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் சென்னையைக் கடந்தபோது நகரமெங்கும் மரங்கள் ஆயிரமாயிரமாகச் சாய்ந்தன. சாலையோரங்களில் பரவலாக நடப்பட்டிருந்த தென்னமெரிக்கத் தூங்குமூஞ்சியும் மடகாஸ்கரின் மயில்கொன்றையும் இயல்வாகையும் அவற்றுள் மிகுதி. இந்த மரங்கள் விரைவாக வளர்ந்து சில ஆண்டுகளிலேயே நிழல் தருவதால் விரும்பி நடப்பட்டவை. விரைவாக வளரும் மரத்தின் கட்டை பொதுவாக அடர்த்தி குறைந்தது, அகன்ற தலையோ காற்றை முழுவதும் வாங்கிக்கொள்வது. நடைபாதைக் கற்களும் காரையும் அடிமரத்தை நெருக்கி, குழாய்க்கும் கம்பிக்கும் தோண்டும்போதெல்லாம் பக்கவேர்கள் வெட்டப்பட்ட இடத்தில் எந்த மரமும் உறுதியாக நிற்காது என்பதையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

புயல் அடிக்கடி கடக்கும் கரையிலேயே உருவாகி வளர்ந்த உலர் பசுமைக்காட்டு இனங்கள் இந்த இடத்தில்தான் கவனத்துக்கு உரியவையாகின்றன. பாலை மரத்தின் கட்டை நீரில் மூழ்கும் அளவுக்கு அடர்த்தியானது; உலக்கையும் செக்கும் செய்ய அதை நாடியதற்குக் காரணம் அந்த உறுதியே. வீரை, காயா, நாவல், புரசு முதலிய மரங்கள் கோடையிலும் நிழல் தரும் அல்லது நீண்ட வறட்சியைத் தாங்கும். பறவைகளுக்குப் பழமும் பூச்சிகளுக்குத் தேனும் தரும். இவை பரவலாக நடப்படாததற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன: வளர நாளாகும் என்பது ஒன்று, நாற்று கிடைப்பதில்லை என்பது மற்றொன்று. முதல் காரணம் உண்மை. இரண்டாவது காரணம் முயன்றால் நீங்கக்கூடியது. இந்தியாவில் சப்போட்டாவை ஒட்டுக்கட்டப் பாலைக் கன்றையே அடிக்கன்றாகப் பயன்படுத்தும் வழக்கம் பரவலாக இருப்பதால், பாலை விதையை முளைக்கவைத்துக் கன்றாக்கும் தொழில்நுட்பம் நாற்றங்கால்காரர்களுக்குப் பழகிய ஒன்று. விதை உலர்ந்தால் முளைப்புத்திறன் விரைவில் குன்றிவிடும் மற்ற இனங்களுக்கு, பழுத்தவுடன் சேகரித்து உடனே விதைக்கும் பழக்கமும், எந்த இனம் எப்போது பழுக்கும் என்று ஆய்வாளர்கள் தொகுத்துள்ள நாட்காட்டியும் தேவை.

இது நடைமுறையில் இயலும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. 1968இல் தொடங்கிய ஆரோவில்லில், மண் அரித்துச் செந்நிற மேடாகக் கிடந்த நிலத்தில் முதலில் வரப்பு கட்டி நீரைத் தேக்கி, விரைவாக வளரும் அயல் மரங்களை நிழலுக்கு நட்டு, அந்த நிழலில் இக்கரையின் சொந்த மரங்களை வளர்த்துக் காட்டை மீட்டார்கள். அந்த அனுபவம் சென்னைக்கும் வந்தது: அடையாறு கழிமுகத்தில் 58 ஏக்கரில் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த இடம் சீரமைக்கப்பட்டு, உலர் பசுமைக்காட்டு இனங்களும் சதுப்பு நிலத் தாவரங்களும் நடப்பட்டு, 2011இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது.

தமிழக அரசு 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழகம் இயக்கம் மாநிலப் பரப்பில் 33 விழுக்காட்டை மர நிழலின் கீழ்க் கொண்டுவர இலக்கு வைத்திருக்கிறது. இலக்கு பரப்பளவில் சொல்லப்படும்போது, எந்த மண்ணில் எந்த மரம் என்ற கேள்வி எளிதில் மறக்கப்படும். நட்ட கன்றுகளின் எண்ணிக்கை முயற்சியின் தொடக்கத்தைத்தான் சொல்லும். ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் எத்தனை நிற்கின்றன, எவ்வளவு பருத்திருக்கின்றன, எத்தனை தாமாக விதைபரப்பத் தொடங்கியுள்ளன என்ற மறுகணக்கே அதன் பலனைச் சொல்லும். காட்டுத்திடலில் பயன்படும் அலுமினியத் தகடும் அளவுநாடாவும் தியாகராய நகரின் ஜி.என். செட்டி சாலையோரத்து மரத்துக்கும் பொருந்தும். ஒவ்வொரு வார்டிலும் தெருமரங்களை இனத்தோடும் சுற்றளவோடும் பதிந்து, குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே மரங்களை மீண்டும் அளந்து, புயலுக்குப்பின் எவை நின்றன, எவை விழுந்தன என்பதை அந்தப் பதிவோடு ஒப்பிட்டால், அடுத்த நடவுக்கு வேண்டிய அறிவு நகரத்தின் கையிலேயே இருக்கும். இந்தக் கரையின் காடு மழைக்கணக்கால் குறைத்து மதிப்பிடப்பட்டு, விறகென்று வெட்டப்பட்டு, ஊர்த்தெய்வங்களின் காவலில் பிழைத்து, அரை நூற்றாண்டுக்கும் மேலான ஆராய்ச்சியால் அறியப்பட்டிருக்கிறது. அந்த அறிவை நாற்றங்காலுக்கும் தெருவுக்கும் கொண்டுசெல்வது இனி மாநகராட்சியும் வனத்துறையும் குடியிருப்போரும் சேர்ந்து செய்ய வேண்டிய கடமை.